புதிய டொமைன் கன்ட்ரோலரில் டிஎன்எஸ் ஜோன் காலியாகத் தெரிகிறதா? கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்துவிட்டது. சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 கெடு. அதனால் பழைய டொமைன் கன்ட்ரோலருக்கு (நிறுவனத்தின் யூசர்களையும் லாகினையும் கவனிக்கும் சர்வர்) பக்கத்தில் புதியது ஒன்றைச் சேர்த்து, பொறுப்புகளை மாற்றி, பழையதை இறக்கி வைக்கும் வேலை பல இடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடிகிற வேலைதான். சிக்கல் வந்தால் அது முதலில் தலைகாட்டும் இடம், பெயரைச் சொன்னால் முகவரி தரும் டிஎன்எஸ்.

காட்சி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். புதிய சர்வர் ப்ரமோட் ஆகி (அதாவது டொமைன் கன்ட்ரோலராக மாறி), ரீஸ்டார்ட் ஆகி வருகிறது. டிஎன்எஸ் கன்சோலைத் திறந்தால் ஃபார்வர்ட் லுக்கப் ஜோன்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஒன்றுமே இல்லை. இல்லாவிட்டால் ஜோன் (ஒரு டொமைனின் டிஎன்எஸ் ரெக்கார்டுகள் அடங்கிய தொகுப்பு) இருக்கிறது, உள்ளே பாதி ரெக்கார்டுகளைக் காணோம். "டிஎன்எஸ் வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டி அங்கேயே நோண்ட ஆரம்பிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஜோன் வந்து சேராதது ரெப்ளிகேஷன் பிரச்சினை, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் தகவலைப் பிரதி எடுத்துக்கொள்வதில் வரும் கோளாறு. டிஎன்எஸ் கன்சோல் அதைக் காட்டும் கண்ணாடி, அவ்வளவுதான். இது ஏன் என்று புரிந்தால், எங்கே தேட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

டொமைன் கன்ட்ரோலருக்கு டிஎன்எஸ் எதற்கு?

விண்டோஸ் 2000-உடன் ஆக்டிவ் டைரக்டரி (யூசர், கம்ப்யூட்டர் விவரங்களை டொமைன் கன்ட்ரோலர்கள் வைத்திருக்கும் தகவல் தொகுப்பு) வந்ததிலிருந்து, ஒரு கம்ப்யூட்டர் தன் டொமைன் கன்ட்ரோலரைக் கண்டுபிடிப்பது டிஎன்எஸ் வழியாகத்தான். லாகின் செய்யும் கம்ப்யூட்டர், "இந்த டொமைனில் எல்டாப் சேவை (டைரக்டரியில் தேடுவது) தருவது யார், கெர்பரோஸ் டிக்கெட் (லாகின் அடையாளச் சான்று) தருவது யார்" என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. இதற்குப் பதில் சொல்பவைதான் எஸ்ஆர்வி ரெக்கார்டுகள். சேவையின் பெயர், சர்வரின் பெயர், போர்ட் எண் மூன்றும் ஒவ்வொரு ரெக்கார்டிலும் இருக்கும்: எல்டாப் 389, கெர்பரோஸ் 88, குளோபல் கேட்டலாக் 3268, பாஸ்வேர்டு மாற்றும் சேவை 464.

இவற்றை யாரும் கையால் எழுதுவதில்லை. ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் ஓடும் நெட்லாகான் சர்வீஸ், தனக்கு வேண்டிய ரெக்கார்டுகளைத் தானே டிஎன்எஸ்ஸில் பதிந்துகொள்ளும். பதிய வேண்டியவற்றின் முழுப் பட்டியலும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் நெட்லாகான்.டிஎன்எஸ் என்ற ஃபைலாகக் கிடக்கும். நோட்பேடில் திறக்கலாம். இருக்க வேண்டியது இந்த ஃபைலில், இருப்பது ஜோனில். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது விடுபட்டது என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். இவ்வளவு எளிய வழி இருந்தும் பலர் இந்த ஃபைலைத் திறந்தே பார்த்ததில்லை.

எஸ்ஆர்வி போக, கவனிக்க வேண்டிய ரெக்கார்டு இன்னொன்று உண்டு. ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலருக்கும் ஒரு ஜியுஐடி, அதாவது நீளமான தனி அடையாள எண், இருக்கிறது. அந்த எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குக் கை காட்டுவது) எம்எஸ்டிசிஎஸ் என்ற ஜோனில் இருக்கும். ஒரு டொமைன் கன்ட்ரோலர் இன்னொன்றிடமிருந்து தகவலை இழுக்கும்போது, அதை இந்தப் பெயரால்தான் தேடுகிறது. அந்த சிநேம் இல்லாவிட்டால் ரெப்ளிகேஷன் தடுமாறும்.

முட்டையா கோழியா கதை இங்கேதான். டிஎன்எஸ் தகவல் ஆக்டிவ் டைரக்டரிக்குள் இருக்கிறது, ரெப்ளிகேஷன் வழியாகத்தான் புதிய சர்வருக்கு வரும். ரெப்ளிகேஷன் நடக்கவோ டிஎன்எஸ் வேண்டும். ஆகவே தொடக்கத்தில் புதிய சர்வர், ஏற்கெனவே நன்றாக ஓடும் வேறொரு டிஎன்எஸ் சர்வரை நம்பித்தான் நிற்க வேண்டும். தன்னையே கேட்டுக்கொண்டால் பதில் கிடைக்காது.

ஜோன் குடியிருக்கும் நான்கு இடங்கள்

"ஜோன் ஏன் வரவில்லை" என்று கேட்பதற்கு முன், பழைய சர்வரில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் புதிய சர்வருக்கு வந்து சேரும் விதம் வேறு.

1. சாதாரண ஃபைல். சிஸ்டம்32-க்குள் டிஎன்எஸ் என்ற ஃபோல்டரில், ஜோனின் பெயரோடு கிடக்கும் டெக்ஸ்ட் ஃபைல் இது. இதற்கும் ஆக்டிவ் டைரக்டரிக்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை நாள் காத்திருந்தாலும் புதிய சர்வருக்கு வராது.

2. டொமைன் பார்ட்டிஷன். பார்ட்டிஷன் என்பது ஆக்டிவ் டைரக்டரியின் ஒரு தனிப் பகுதி. விண்டோஸ் 2000 காலத்து ஏற்பாடு. யூசர்களும் கம்ப்யூட்டர்களும் இருக்கும் அதே இடத்தில், சிஸ்டம் என்பதற்குக் கீழே மைக்ரோசாஃப்ட்டிஎன்எஸ் என்ற கன்டெய்னரில் இருக்கும். டொமைனின் எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும், டிஎன்எஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய்ச் சேரும்.

3. டொமைன்டிஎன்எஸ்ஜோன்ஸ் பார்ட்டிஷன். சர்வர் 2003-ல் வந்தது. அந்த டொமைனில் டிஎன்எஸ் ரோல் உள்ள டொமைன் கன்ட்ரோலர்களுக்கு மட்டும் போகும்.

4. ஃபாரஸ்ட்டிஎன்எஸ்ஜோன்ஸ் பார்ட்டிஷன். இதுவும் 2003-ல் வந்ததுதான். ஃபாரஸ்ட் (ஒன்றோ பலவோ டொமைன்கள் சேர்ந்த தொகுப்பு) முழுக்க உள்ள டிஎன்எஸ் டொமைன் கன்ட்ரோலர்களுக்குப் போகும். எம்எஸ்டிசிஎஸ் ஜோன் வழக்கமாக இங்கே இருக்கும்.

உங்கள் ஜோன் இதில் எந்த வகை என்பதை அதன் ப்ராப்பர்ட்டீஸில் பார்க்கலாம். "டைப்" என்ற வரி ஆக்டிவ் டைரக்டரி இன்டகிரேட்டட் என்று சொல்கிறதா, வெறும் ப்ரைமரி என்று சொல்கிறதா? அதற்குக் கீழே உள்ள "ரெப்ளிகேஷன்" வரி எந்தப் பார்ட்டிஷன் என்பதைச் சொல்லிவிடும். பவர்ஷெல் பழகியவர்கள் கெட்-டிஎன்எஸ்சர்வர்ஜோன் என்று தட்டினால் எல்லா ஜோன்களையும் ஒரே பட்டியலாகப் பார்க்கலாம்.

முதல் வகை என்று தெரிந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பழைய சர்வர் டொமைன் கன்ட்ரோலராகவும் இருந்தால், அங்கேயே ஜோனின் டைப்பை ஆக்டிவ் டைரக்டரி இன்டகிரேட்டட் என்று மாற்றுங்கள்; மிச்சத்தை ரெப்ளிகேஷன் பார்த்துக்கொள்ளும். பழைய டிஎன்எஸ் வெறும் மெம்பர் சர்வரில் (டொமைன் கன்ட்ரோலர் அல்லாத சர்வரில்) ஓடினால் அங்கே அப்படி மாற்ற முடியாது. அப்போது புதிய சர்வரில் அந்த ஜோனை செகண்டரியாக (படிக்க மட்டுமான பிரதியாக) இழுத்து, பிறகு ப்ரைமரியாக்கி, கடைசியில் டைரக்டரிக்குள் ஏற்ற வேண்டும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

இரண்டாவது வகை ஜோன், ப்ரமோட் ஆகும்போதே டொமைன் தகவலோடு சேர்ந்து வந்துவிடும். மூன்றும் நான்கும் அப்படியல்ல. புதிய சர்வரின் டிஎன்எஸ் சர்வீஸ் தொடங்கி, அந்தப் பார்ட்டிஷன்களில் தன்னைச் சேர்த்துக்கொண்டு, அந்தச் செய்தி மற்ற சர்வர்களுக்குப் போய், ரெப்ளிகேஷன் பாதை போடப்பட்டு, அப்புறம்தான் தகவல் வர ஆரம்பிக்கும். பாதை போடும் கேசிசி என்ற செயல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. வந்த தகவலை டிஎன்எஸ் சர்வீஸ் எட்டிப் பார்ப்பது 3 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டு சர்வரும் ஒரே சைட்டில் (நல்ல வேகத்தில் இணைந்த ஒரே நெட்வொர்க் பகுதியில்) இருந்தால் அரை மணி நேரத்துக்குள் ஜோன்கள் தலைகாட்டுவது இயல்பு. வேறு சைட் என்றால் கதை வேறு: சைட் லிங்கின் இயல்பான இடைவெளி 180 நிமிடம். அதை யாரும் குறைக்காமல் விட்டிருந்தால் மூன்று மணி நேரம் காலி கன்சோலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இந்த இடைவேளையில் ஈவென்ட் லாகில் 4013 என்ற எண்ணோடு ஓர் எச்சரிக்கை வரலாம். டைரக்டரியின் முதல் ஒத்திசைவு முடியட்டும் என்று டிஎன்எஸ் காத்திருக்கிறது என்பது அதன் பொருள். ரீஸ்டார்ட் ஆனதும் ஒருமுறை வந்து போனால் பொருட்படுத்த வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால், ரெப்ளிகேஷன் முடியவே இல்லை.

செய்யவே கூடாத ஒன்று

காலியான கன்சோலைப் பார்த்துப் பொறுமை இழந்தவர் ரைட் கிளிக் செய்து, நியூ ஜோன் கொடுத்து, டொமைனின் பெயரைத் தட்டி, ஃபினிஷ் அழுத்துகிறார். ஜோன் வந்துவிட்டது! உள்ளே புதிய சர்வரின் ரெக்கார்டுகளும் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. பிரச்சினை தீர்ந்தது போலவே இருக்கும்.

உண்மையில் நடந்தது இது. பழைய சர்வரில் ஏற்கெனவே இருக்கும் ஜோனின் பெயரிலேயே டைரக்டரிக்குள் இன்னொரு பொருள் உருவாகிவிட்டது. இரண்டும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால், ரெப்ளிகேஷன் ஓடும்போது இரண்டும் மோதும். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருக்க டைரக்டரி விடாது. அதன் விதிப்படி பின்னால் உருவானது பெயரை வைத்துக்கொள்ளும். முன்னால் இருந்ததன் பெயரோடு சிஎன்எஃப் என்ற எழுத்துகளும் ஒரு ஜியுஐடியும் ஒட்டிக்கொள்ளும். பின்னால் உருவானது எது? ஐந்து நிமிடத்துக்கு முன் கையால் போட்ட காலி ஜோன். பல வருடம் சேர்ந்த ரெக்கார்டுகளெல்லாம் பெயர் மாறிய பழைய ஜோனுக்குள் மாட்டிக்கொள்ளும். அதை டிஎன்எஸ் சர்வீஸ் டொமைனின் ஜோனாகப் பார்ப்பதில்லை. பழைய சர்வரும் இப்போது காலி ஜோனைத்தான் காட்டும்.

இதில் ஏமாற்றும் பகுதி அடுத்து வருகிறது. எல்லா டொமைன் கன்ட்ரோலர்களின் நெட்லாகானும் தங்கள் எஸ்ஆர்வி ரெக்கார்டுகளைத் தாங்களே மறுபடி பதிந்துவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் இயல்பாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தங்கள் பெயரைப் பதியும். ஆகவே ஒரு நாளில் ஜோன் பாதி நிரம்பிவிடும். லாகின் ஓடும். எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். வராமலே போவது, என்றோ ஒருநாள் யாரோ கையால் சேர்த்த ரெக்கார்டுகள்: பிரின்டர், ஸ்டோரேஜ், லினக்ஸ் சர்வர், உள் அப்ளிகேஷனுக்கு வைத்த சிநேம், மெயிலுக்கான எம்எக்ஸ். அவை ஒவ்வொன்றாகப் புகாராக வரும். இரண்டு வாரம் கழித்து "பிரின்டர் போகவில்லை" என்று வரும் புகாரை, அன்று போட்ட ஜோனோடு யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

கையால் போட்ட ஜோன் வேறு பார்ட்டிஷனில் விழுந்திருந்தால் மோதல் வராது, குழப்பம் வரும். உதாரணமாக, அசல் டொமைன்டிஎன்எஸ்ஜோன்ஸில் இருக்க, புதியது 2000 காலத்து டொமைன் பார்ட்டிஷனில் உருவாகியிருக்கலாம். அப்போது டிஎன்எஸ் லாகில் 4515 என்ற ஈவென்ட் வரும். இந்த ஜோனை ஓரிடத்தில் இருந்து ஏற்றிவிட்டேன், இன்னோரிடத்தில் மறுபிரதி இருக்கிறது, அதைக் கண்டுகொள்ள மாட்டேன் என்று அது சொல்லும். ஒவ்வொரு சர்வரும் வேறு வேறு பிரதியை ஏற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. ஒரே கேள்விக்கு இரண்டு சர்வர் இரண்டு பதில் சொல்வதன் காரணம் பல நேரம் இதுதான்.

ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால்? முதல் வேலை பேக்கப். டிஎன்எஸ்சிஎம்டி கட்டளையின் ஜோன்எக்ஸ்போர்ட் மூலம், இன்னும் நல்ல பிரதியைக் காட்டும் சர்வர் ஒன்று இருந்தால் அதிலிருந்து ஜோனை ஃபைலாக எடுத்து வையுங்கள். டைரக்டரி முழுமைக்கும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்பும் வேண்டும். அப்புறம் ஏடிஎஸ்ஐ எடிட்டில் (டைரக்டரியின் உள்ளே நேரடியாகப் பார்த்துத் திருத்தும் கருவி) மூன்று பார்ட்டிஷன்களையும் தனித்தனியே திறந்து, மைக்ரோசாஃப்ட்டிஎன்எஸ் கன்டெய்னருக்குள் பாருங்கள். சிஎன்எஃப் ஒட்டிய பெயர் இருக்கிறதா, ஒரே ஜோன் இரண்டு பார்ட்டிஷனில் இருக்கிறதா, எதற்குள் ரெக்கார்டுகள் அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எது அசல் என்று உறுதியான பிறகே போலியை விலக்க வேண்டும். அதுவும் ஒரே சர்வரில் மட்டும். மாற்றம் எல்லா சர்வருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. நடுவில் இன்னொருவர் இன்னொரு சர்வரில் "உதவி" செய்தால் மறுபடி முதலிலிருந்து.

கோளாறைத் தேடும் வரிசை

நியாயமான நேரம் காத்திருந்தும் ஜோன் வரவில்லை. இனி தேட வேண்டியதுதான். வரிசை முக்கியம், ஏனென்றால் மேலே உள்ளது சரியாகாமல் கீழே உள்ளதைப் பார்ப்பதில் பயனில்லை.

1. புதிய சர்வரின் நெட்வொர்க் கார்டில் முதல் டிஎன்எஸ் முகவரி எது? நன்றாக ஓடும் பழைய டொமைன் கன்ட்ரோலராக இருக்க வேண்டும். 127.0.0.1 இருக்கலாம், ஆனால் முதலாவதாக அல்ல. இன்டர்நெட் நிறுவனத்தின் முகவரியோ பொது டிஎன்எஸ் முகவரியோ இந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது. பாதி பிரச்சினை இங்கேயே தீரும்.

2. நேரம் சரியா? கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். வர்ச்சுவல் மெஷினாக இருந்தால், ஹோஸ்ட் நேரத்தை மாற்றிவிடுகிறதா என்றும் பாருங்கள்.

3. நடுவில் ஃபயர்வால் இருக்கிறதா? 53, 88, 135, 389, 445 இவற்றோடு 49152 முதல் 65535 வரையுள்ள டைனமிக் ஆர்பிசி (ஒரு சர்வர் இன்னொன்றின் சேவையை அழைக்கும் வழி) போர்ட்டுகளும் திறந்திருக்க வேண்டும். விட்டுப்போவது எப்போதும் இந்தக் கடைசிக் கூட்டம்தான். பழைய 2003 சர்வர்கள் 1025-லிருந்து 5000 வரை பயன்படுத்தின. அந்தக் காலத்தில் எழுதிய ஃபயர்வால் விதியை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

4. புதிய சர்வரில், ரெப்ளிகேஷன் நிலையைக் காட்டும் ரெப்அட்மின் ஷோரெப்ல் கட்டளையை ஓட்டுங்கள். இதுதான் இந்தப் பட்டியலின் இதயம். ஒரே டொமைன் உள்ள ஃபாரஸ்ட்டில் ஐந்து பார்ட்டிஷன்கள் வரிசையாக வர வேண்டும்: டொமைன், கான்ஃபிகரேஷன், ஸ்கீமா, டொமைன்டிஎன்எஸ்ஜோன்ஸ், ஃபாரஸ்ட்டிஎன்எஸ்ஜோன்ஸ். ஒவ்வொன்றுக்கும் கீழே கடைசி முயற்சி வெற்றி என்று இருக்க வேண்டும். மூன்று மட்டும் தெரிந்தால், புதிய சர்வர் டிஎன்எஸ் பார்ட்டிஷன்களில் சேரவே இல்லை. டிஎன்எஸ் ரோல் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிஎன்எஸ் சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், தொடங்கும்போது தானாகச் சேர முயலும். அப்படியும் வராவிட்டால் டிஎன்எஸ்சிஎம்டி-யில் என்லிஸ்ட்டைரக்டரிபார்ட்டிஷன் என்ற கட்டளை இருக்கிறது.

5. ஐந்தும் தெரிகின்றன, ஆனால் பிழை காட்டுகின்றன என்றால் பிழை எண்ணைப் படியுங்கள். 8524 என்றால் எதிர்ப்பக்க சர்வரின் பெயரை டிஎன்எஸ்ஸில் கண்டுபிடிக்க முடியவில்லை; சிநேம் ரெக்கார்டைத் தேடுங்கள். 1722 என்றால் ஆர்பிசி எட்டவில்லை. மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். 8453 உரிமைப் பிரச்சினை. 8614 வந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்: அந்த சர்வர் டூம்ஸ்டோன் காலத்தை (நீக்கிய பொருளின் தடயத்தை டைரக்டரி வைத்திருக்கும் காலம்) தாண்டி ரெப்ளிகேஷன் இல்லாமல் கிடந்திருக்கிறது. அந்தக் காலம் பழைய ஃபாரஸ்ட்டுகளில் 60 நாள், 2003 எஸ்பி1-க்குப் பின் உருவானவற்றில் 180 நாள்.

6. ரெக்கார்டுகள் மட்டும் விடுபட்டிருந்தால் நெட்லாகான் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அல்லது என்எல்டெஸ்ட் கட்டளையை டிஎஸ்ரெக்டிஎன்எஸ் என்ற ஸ்விட்சோடு ஓட்டுங்கள். லாகில் 5774 வந்தால் பதிவு நடக்கவில்லை. ஜோனில் டைனமிக் அப்டேட் அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

7. கடைசியாக, டொமைன் கன்ட்ரோலரைச் சோதிக்கும் டிசிடயாக் கட்டளை, டிஎன்எஸ் டெஸ்டோடு. பலர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது கொட்டும் பக்கம் பக்கமான பிழைகளில் எது மூலம், எது விளைவு என்று தெரியாமல் திணறுகிறார்கள். மேலே உள்ளவற்றை முடித்துவிட்டு ஓட்டினால் பட்டியல் சின்னதாக இருக்கும், படிக்கவும் முடியும்.

ப்ரமோட் செய்யும்போது வரும் டெலிகேஷன் (ஜோனின் ஒரு பகுதியை வேறு சர்வரிடம் ஒப்படைப்பது) எச்சரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்நிலை ஜோனைக் கண்டுபிடிக்க முடியாததால் டெலிகேஷன் உருவாக்க முடியவில்லை என்று மஞ்சள் பட்டை வரும். உள் நெட்வொர்க்குக்கு மட்டுமான டொமைனுக்கு இது இயல்பு. தாண்டிப் போகலாம்.

சாம்பல் நிற ஃபோல்டர்

பழைய ஃபாரஸ்ட்டுகளில் மட்டும் காணும் ஒரு சிக்கலைத் தனியே சொல்ல வேண்டும். டிஎன்எஸ் கன்சோலில் டொமைனின் ஜோனுக்குள் எம்எஸ்டிசிஎஸ் என்ற ஃபோல்டர் சாம்பல் நிறத்தில் இருந்தால், அது டெலிகேஷன். "இந்தப் பகுதியை நான் வைத்திருக்கவில்லை, இந்த சர்வரைக் கேள்" என்று அர்த்தம். உள்ளே, கேட்க வேண்டிய சர்வரின் பெயரைச் சொல்லும் ஓர் என்எஸ் ரெக்கார்டு மட்டும் இருக்கும். திறந்து பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் கழற்றிப் போட்ட சர்வரின் பெயர் அதில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். டெலிகேஷன் முதலில் போட்டபோது எழுதிய பெயர் அது, தானாக மாறாது. எம்எஸ்டிசிஎஸ் ஜோன் அதே சர்வரிலேயே இருக்கும்வரை டெலிகேஷனைப் பார்க்க வேண்டிய தேவையே வராததால் தப்பு வெளியே தெரியாது. அந்த ஜோன் இன்னும் வந்து சேராத புதிய சர்வர் டெலிகேஷனைப் பின்தொடர்ந்து, இல்லாத சர்வரின் வாசலில் போய் நிற்கும். என்எஸ் ரெக்கார்டில் இப்போது உயிரோடு இருக்கும் சர்வர்களின் பெயரைப் போடுங்கள்.

மஞ்சள் நிற ஃபோல்டராக இருந்தால், எம்எஸ்டிசிஎஸ் தனி ஜோனாக இல்லாமல் டொமைன் ஜோனுக்குள்ளேயே இருக்கிறது. 2000-ல் தொடங்கி அப்கிரேடு ஆகி வந்த ஃபாரஸ்ட்டின் அடையாளம் அது. ஒரே டொமைன் என்றால் அப்படியே விட்டாலும் வேலை நடக்கும்.

ரெப்ளிகேஷனில் வராதவை

ஜோன்கள் வந்துவிட்டன, ரெக்கார்டுகள் பொருந்துகின்றன. ஆனாலும் புதிய டிஎன்எஸ் பழையதைப் போலவே பதில் சொல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். சில அமைப்புகள் ஜோனுக்குச் சொந்தமில்லை, சர்வருக்குச் சொந்தம்.

முக்கியமானது ஃபார்வர்டர். வெளி உலகப் பெயர்களை யாரிடம் கேட்பது என்று சொல்லும் அந்தப் பட்டியல் ஒவ்வொரு சர்வரிலும் தனி. ப்ரமோட் செய்யும்போது டிஎன்எஸ்ஸையும் சேர்த்து நிறுவினால், நெட்வொர்க் கார்டில் அப்போது இருந்த டிஎன்எஸ் முகவரிகளையே விசார்ட் ஃபார்வர்டராக எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த முகவரி எது? நாம்தான் சொல்லி வைத்தோம்: பழைய டொமைன் கன்ட்ரோலர். ஆக, புதிய சர்வர் வெளியுலகக் கேள்வியை எல்லாம் பழைய சர்வரிடம் தள்ளிக்கொண்டிருக்கும். பழையதை அணைக்கும் நாள் வரை யாருக்கும் தெரியாது. அணைத்ததும் இன்டர்நெட் தடுமாறும், அல்லது போய்விடும். டொமைன் லாகின் மட்டும் ஓடும். ஃபார்வர்டர்ஸ் டேப்பை இன்றே திறந்து பாருங்கள்.

கண்டிஷனல் ஃபார்வர்டர்கள் டைரக்டரியில் சேமிக்கும்படி குறித்திருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. ஸ்கேவஞ்சிங்கில் (காலாவதியான ரெக்கார்டுகளை நீக்குவதில்) ஏஜிங் அமைப்பு ஜோனோடு வரும். பழையதைக் கூட்டிப் பெருக்கும் வேலையை எந்த சர்வர் செய்வது என்பது சர்வர் அமைப்பு, வராது. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது பழைய சர்வர் மட்டும்தான் என்றால், அது போன பிறகு செத்த ரெக்கார்டுகள் சேர்ந்துகொண்டே போகும். ஃபைலாக இருந்த ஜோன்கள் வராது என்று முன்பே பார்த்தோம். ரிவர்ஸ் ஜோன்களை (முகவரியிலிருந்து பெயரைச் சொல்பவை) தனியே சரிபாருங்கள்; மறந்துபோய் ஃபைலாகவே விட்டிருப்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.

பழைய சர்வரை இறக்கும்போது

டிஎன்எஸ் தொடர்பான கடைசி முட்டுக்கட்டை இங்கே வரும். டிமோட் செய்யும்போது (டொமைன் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து நீக்கும்போது), டொமைன்டிஎன்எஸ்ஜோன்ஸ் பார்ட்டிஷனில் மிச்சமுள்ள தகவலை வேறு சர்வருக்கு மாற்ற முடியவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். நெட்டாம் கட்டளையால் எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளை (ஒரு நேரத்தில் ஒரே டொமைன் கன்ட்ரோலர் மட்டும் வகிப்பவை) கேட்டால் ஐந்தும் புதிய சர்வரில் இருப்பதாகச் சொல்லும். அப்புறம் என்ன பிரச்சினை?

அந்தக் கட்டளை காட்டாத பொறுப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு டிஎன்எஸ் பார்ட்டிஷன்களுக்கும் ஆளுக்கொரு இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பொருள் உண்டு. அதில் எஃப்எஸ்எம்ஓரோல்ஓனர் என்ற புலத்தில் ஒரு டொமைன் கன்ட்ரோலரின் முகவரி எழுதியிருக்கும். என்றோ செத்துப்போய், வலுக்கட்டாயமாக நீக்கப்பட்ட சர்வரின் முகவரியாக அது இருந்தால், பெயருக்கு நடுவில் 0ஏடிஇஎல் என்ற எழுத்துகள் தெரியும். நீக்கப்பட்ட பொருள் என்பதன் அடையாளம் அது. ஏடிஎஸ்ஐ எடிட்டில், பொறுப்பை ஏற்கப்போகும் சர்வரோடு இணைந்து, அந்தப் பார்ட்டிஷனைத் திறந்து, புலத்தில் அந்த சர்வரின் என்டிடிஎஸ் செட்டிங்ஸ் முகவரியை எழுத வேண்டும். இரண்டு பார்ட்டிஷனிலும் பாருங்கள். ஒன்றில் இருந்தால் மற்றொன்றிலும் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொன்று, டிஎன்எஸ் போலத் தோன்றி டிஎன்எஸ் இல்லாத பிரச்சினை: சிஸ்வால், அதாவது டொமைன் கன்ட்ரோலர்கள் பாலிசி, ஸ்கிரிப்ட் ஃபைல்களைப் பகிரும் ஃபோல்டர். புதிய சர்வரில் சிஸ்வால் ஷேர் தெரியாவிட்டால், ரெக்கார்டுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தன்னை டொமைன் கன்ட்ரோலர் என்று அறிவித்துக்கொள்ளாது. சிஸ்வாலைப் பழைய எஃப்ஆர்எஸ் முறையில் ரெப்ளிகேட் செய்யும் டொமைனில் சர்வர் 2019-ஐயோ அதற்குப் பிந்தையதையோ சேர்க்கவே முடியாது. முதலில் டிஎஃப்எஸ்ஆர்மிக் கொண்டு டிஎஃப்எஸ்ஆர்-க்கு மாற வேண்டும். சர்வர் 2025-க்கு டொமைன், ஃபாரஸ்ட் இரண்டின் ஃபங்ஷனல் லெவலும் குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும்.

டிமோட் செய்யும் முன் பழைய சர்வரில் டிஎன்எஸ் சர்வீஸை மட்டும் நிறுத்தி வையுங்கள், சர்வரை அல்ல. ஒரு வாரம் போதும், மாதக் கடைசி வேலைகள் இருக்கும் இடமென்றால் ஒரு மாதம். அதற்கு முன் டிஹெச்சிபி-யில் (கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை) கொடுக்கும் டிஎன்எஸ் முகவரியை மாற்றியிருக்க வேண்டும். பிரின்டர், ஸ்விட்ச், ஸ்கேனர், கேமரா ரெக்கார்டர் போன்று கையால் முகவரி எழுதிய சாதனங்கள் அந்த வாரத்தில் ஒவ்வொன்றாகக் கத்தும். கத்தினால் சர்வீஸை மறுபடி தொடங்க பத்து விநாடி. டிமோட் செய்துவிட்ட சர்வரில் அது முடியாது.